மாப்பிள்ளை முன்னால் நீட்டாத கால்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை மூன்று ஊரிலுமாக நான் பேசி முடித்த கல்யாணங்களுக்கு வந்த கூட்டத்தை ஒற்றை வரிசையில் நிறுத்தினால், அந்த வரிசை மலையேறி, ஆரியங்காவைத் தாண்டி, கொல்லத்துக் கடலில் கால் நனைத்துவிட்டுத்தான் நிற்கும். சரி, இது கொஞ்சம் கூடுதல். கேரள எல்லையில் புளியரை செக்போஸ்ட் வரைக்கும் போகும். அதுவும் ஆளுக்கு ஆள் நல்ல இடைவெளி விட்டு நின்றால். ஆனால் இந்தச் சாரலுக்குக் கொஞ்சம் முன்னால் நான் முடித்த சம்பந்தம் மட்டும், பூ வைத்த ஈரம் காயுமுன்னே ஆஸ்பத்திரி வார்டுக்குள் போய், சம்பந்தியம்மாளின் கால்விரலில் முட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சம்பந்தத்தில் மாப்பிள்ளையான நெல்லையப்பனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவனுக்கு ஊர் ஆய்க்குடி. அப்பா உரக்கடை வைத்திருக்கிறார். பையன் பாலிடெக்னிக் முடித்தான், வேலை அமையவில்லை. அச்சன்புதூர்ப் பையன்களோடு சேர்ந்து வளைகுடாவுக்குப் போனான். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளுகிற வேலை. அங்கிருந்த மலையாளி ஆண் நர்ஸுகள் ஒரு நோயாளியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, இன்னது சரியில்லை என்று டாக்டரிடம் சொல்வதைப் பார்த்துப் பார்த்து இவனுக்கும் ஆசை வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு நர்சிங் கல்லூரியில் சேர்ந்தான்.

ஆய்க்குடி சும்மா இருக்குமா? டீக்கடைப் பக்கம் அவன் தலை தெரிந்தால் போதும்.

"ஏலே நெல்லை, வெள்ளைக் கவுன் தச்சாச்சா?"

அவன் சிரிப்பான். காது மட்டும் சிவந்துவிடும். அவன் அப்பாவோ யார் கேட்டாலும் "மெடிக்கல் லைன்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டு உடனே யூரியா விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

நெல்லையப்பனின் கூச்சம் தனி ரகம். பந்தியில் அவன் இலைக்கு மட்டும் பாயசம் வராமல் போனால், தனக்குப் பாயசம் பிடிக்காது என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிவிடுவான். குற்றாலத்தில் ஒரு தடவை குரங்கு அவன் துண்டைத் தூக்கிக்கொண்டு போயிற்று. திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு ஈர வேட்டியோடே பஸ் ஏறினான். குரங்கிடம் யார் கேட்பார்கள் என்கிறீர்களா? மற்றவர்கள் வாழைப்பழத்தை நீட்டிக் கேட்டார்கள், வாங்கிக்கொண்டார்கள்.

சம்பந்தியம்மாள் உலகம்மாள் என் தம்பி மகள். அவளுக்கு நான் அத்தை, நெல்லையப்பனுக்கு ஆச்சி. தென்காசியில் கோவிலுக்குப் பக்கத்துத் தெரு. புருஷன் முத்துக்குமாரசாமி மின்வாரியத்தில் இருக்கிறார். ஒரே மகள் சத்யபிரியா பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். "ஆம்பளப் பிள்ளை, நர்ஸாம்லா?" என்று முதலில் இழுத்த உலகம்மாள், பையனை நேரில் பார்த்ததும் சரி என்றாள். பூ வைத்தாயிற்று. படிப்பு முடிந்ததும் கல்யாணம்.

பூ வைத்த நாளிலிருந்து அந்த வீட்டு முறை தொடங்கிவிட்டது. மாமியார் மாப்பிள்ளை முன்னால் உட்கார மாட்டாள். நேரே பேசவும் மாட்டாள். கையெட்டுகிற தூரத்தில் அவன் நின்றுகொண்டிருக்க, "மாப்பிள்ளைக்குக் காபி வேணுமான்னு கேளுட்டி" என்று அடுப்படியைப் பார்த்துச் சொல்வாள். அவனும் "அத்தையை இருக்கச் சொல்லுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வான். மாப்பிள்ளைக்கு நேராகக் காலை நீட்டுவது என்பது எங்கள் வீடுகளில் பேச்சுக்கே இடமில்லாத காரியம்.

ஆனி மாதம் சாரல் விழுந்தது. உலகம்மாள் குடும்பத்தோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனாள். பாறையில் கால் இடித்துக்கொண்டாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. காலில் உணர்ச்சி குறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது, அதனால் இடித்ததுகூடச் சரியாக உறைக்கவில்லை. வலது காலில் மெட்டி போட்ட விரல் மெல்ல வீங்கி, மெட்டி உள்ளே புதைய ஆரம்பித்தது. கழற்றியிருக்கலாம். புருஷன் உயிரோடு இருக்கையில் மெட்டியைக் கழற்றுவதா என்று, மஞ்சளைக் குழைத்துப் பூசி, கந்தலைச் சுற்றி, சேலைக் கரையால் மறைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள். பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. இதெல்லாம் எனக்கும் பிறகுதான் தெரியும்.

பிறகு காய்ச்சல் வந்தது. பல் கிட்டுகிற நடுக்கம். தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பேர் வேண்டாம். டாக்டர் "காயம் எதுவும் உண்டாம்மா?" என்று கேட்டதற்கு "ஒண்ணும் கிடையாது" என்று தலையாட்டிவிட்டாள். ரத்தம் எடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். துணைக்கு நான் இருந்தேன்.

மறுநாள் காலையில் நர்சிங் கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தார்கள். கூட வந்தவர் டீச்சர் சுகிர்தம் மேடம். ஒல்லியான உடம்பு. குரல் மட்டும் வார்டின் கடைசிக் கட்டில்வரை போகும்.

"உச்சந்தலையில ஆரம்பிச்சு உள்ளங்கால்ல முடிக்கணும். முதல்ல கண்ணால பாருங்க, பிறகு கையால தொட்டுப் பாருங்க, தட்டிப் பாருங்க, காது வச்சுக் கேளுங்க. வயித்துக்கு மட்டும் காது முந்தி, கை பிந்தி. அவங்க சொன்னது வேற, நீங்க பார்த்தது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

எங்கள் கட்டிலுக்கு இரண்டு பேரை அனுப்பினார். கழுத்து முதல் இடுப்பு வரை ஹஸீபா என்கிற பெண்பிள்ளை. தலை, கை, கால், கேள்வி கேட்பது எல்லாம் நெல்லையப்பன்.

அவன் கட்டிலில் யார் என்று பார்த்தான். உலகம்மாள் அவனைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து உட்கார்ந்து, கால் இரண்டையும் மடக்கி, போர்வையை இழுத்து மூடி, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டாள். காய்ச்சல் உடம்பு, ஆனாலும் மின்னல் வேகம்.

அந்த இடத்திலேயே அவன் "மேடம், இவங்க எனக்கு மாமியார் ஆகப் போறவங்க, வேற கட்டில் கொடுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வகுப்பே சிரிக்கும். சொல்லவில்லை.

ஹஸீபா திரையை இழுத்து, தன் பங்கைப் பார்த்து முடித்தாள். பிறகு இவன் முறை.

"ஆச்சி, அத்தைக்குத் தலைவலி இருக்கான்னு கேளுங்க."

"உலகு, தலைவலி இருக்கா?"

"இல்லைன்னு சொல்லுங்க அத்தை."

"இல்லையாம்ப்பா."

"பசி எடுக்கான்னு கேளுங்க."

மூன்று பேரும் ஒரே கட்டிலைச் சுற்றித்தான் இருந்தோம். ஹஸீபாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆச்சி, இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்கதான் செல்போன் டவரா?" என்றாள். பிறகு விஷயம் பிடிபட்டு, "அண்ணே, மாமியாரா? சொல்லவே இல்ல!" என்று அவன் காதருகே கிசுகிசுத்தாள்.

"சத்தம் போடாத தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றான்.

அடுத்து வெளிக்குப் போவது பற்றிய கேள்வி. அவன் குளுக்கோஸ் பாட்டிலை உற்றுப் பார்த்துக்கொண்டு, "அது… காலையில… ஒழுங்கா…" என்றான். உலகம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எல்லாம் ஒழுங்கு, போட்டுக்கோ" என்று நானே முடித்து வைத்தேன். அவளிடம் கேட்டுச் சொன்னேனா? இல்லை.

கடைசியாகக் கால். அப்போது பார்த்து ஹஸீபாவை வேறு கட்டிலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"ஆச்சி, காலைப் பார்க்கணும்."

உலகம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சிவசிவா, மாப்பிள்ளை என் காலைத் தொடுறதா? வேண்டாம்னு சொல்லுங்க அத்தை. கால்ல ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க." கும்பிட்ட கையை இறக்கவில்லை.

அவன் போர்வை ஓரத்தைப் பிடித்தான். பிறகு விட்டுவிட்டான்.

சுகிர்தம் மேடம் வந்தார். பார்த்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். ஹஸீபா சொன்னாள். நெல்லையப்பன் நெற்றி, கண், நாக்கு, நகம் என்று கடகடவென்று வந்து, "ரெண்டு காலும் நார்மல், மேடம். புண் இல்ல, வீக்கம் இல்ல" என்று முடித்தான். மேடம் போர்வைப் பக்கம் கையைக் கொண்டு போனார். அந்த நேரம் அருவியில் வழுக்கி விழுந்த ஒருவரை வார்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஒரே கூச்சல். "இதை நாளைக்கு நான் பாக்கேன்" என்று அங்கே ஓடிவிட்டார்.

மாப்பிள்ளை தப்பித்தான் என்று எனக்குள் ஒரு நிம்மதி. அன்று சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. யாருக்கும் காரணம் பிடிபடவில்லை.

மறுநாள் காலை மேடம் தலையில் ஆரம்பிக்கவில்லை. மாணவர்கள் எல்லாரையும் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்துவிட்டு, "நேத்து விட்ட இடம்" என்று நேரே போர்வையைப் பிடித்தார். உலகம்மாளும் பிடித்தாள். இரண்டு பக்கமும் இழுபறி.

"என்னம்மா, எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?"

"மாப்பிள்ளை நிக்காவ" என்றாள், அழுகிற குரலில்.

மேடம் திரும்பினார். நெல்லையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீதானா? அவங்க மாப்பிள்ளைன்னா நீ வெளிய போ. நர்ஸுன்னா இங்க நில்லு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அவன் நின்றான்.

"அப்போ நீயே பிரி."

அவன் போர்வையை விலக்கி, மடங்கியிருந்த காலை ஒரு கையில் ஏந்தி நீட்டினான். உலகம்மாள் முந்தானையை எடுத்து முகத்தை முழுசாக மூடிக்கொண்டாள். கந்தல் புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. உப்புத் தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து எடுத்தான். உள்ளே விரல் கறுத்துக் கிடந்தது. மெட்டி இருக்கிற இடமே தெரியவில்லை, சதை மூடிவிட்டது. வீக்கம் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது.

மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வார்டுக்கே கேட்கிற அந்தக் குரல் எங்களுக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத் தணிந்துவிட்டது.

"நேத்து இதைப் பார்த்தியா?"

"இல்ல மேடம்."

"பாக்கலைன்னு எங்கிட்டச் சொன்னியா?"

"நார்மல்னு சொன்னேன்."

"பாக்க விடலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எத்தனை ஜோலி இருந்தாலும் நேத்தே வந்து பார்த்திருப்பேன். நீ நார்மல்னு சொன்னதை நம்பித்தான் போனேன்."

ஹஸீபா தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெல்லையப்பன் அந்தக் காலைக் கையில் ஏந்தியபடியே நின்றான், கீழே வைக்கத் தெரியாதவன் மாதிரி. நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "எல்லாம் ஒழுங்கு" என்று நேற்றுச் சொன்ன வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அறுவை டாக்டர் வந்தார். முதலில் மெட்டியை அறுத்து எடுக்க வேண்டும் என்றார். உலகம்மாள் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். முத்துக்குமாரசாமிக்குச் சொல்லி அனுப்பினோம். மின்கம்பத்திலிருந்து இறங்கி வந்த கோலத்தில் அப்படியே வந்தார்.

"அறுக்கச் சொல்லு உலகு. நான் இங்கன குத்துக்கல்லு மாதிரி நிக்கேம்லா, எனக்கு என்ன வந்துரும்?"

"வாயைக் கழுவுங்க. ஆஸ்பத்திரியில வச்சு என்ன பேச்சு!"

"இந்த இத்துனூண்டு வெள்ளியா என்னைப் பிடிச்சு வச்சிருக்கு? ஆயுசு பூரா கரண்டுல கை வைக்கேன், அது பிடிக்காததையா இது பிடிக்கப் போகுது?"

மோதிரம் அறுக்கிற சின்ன ரம்பத்தால் மெட்டியை அறுத்தார்கள். காலை அசையாமல் பிடித்திருந்தவன் நெல்லையப்பன்தான். வேறு யாரையும் பிடிக்க விடவில்லை. அன்றே அறுவை நடந்தது. விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது.

நெல்லையப்பன் டாக்டரைத் தாழ்வாரத்தில் மறித்து ஒன்றே ஒன்று கேட்டான். "நேத்தே பார்த்திருந்தா விரல் நின்னுருக்குமா சார்?"

"சொல்ல முடியாதுப்பா" என்றார் டாக்டர்.

நின்றிருக்காது என்று சொல்லியிருந்தால் அவன் தூங்கியிருப்பான். நின்றிருக்கும் என்றால் ஒரேயடியாக அழுது தீர்த்திருப்பான். இந்த "சொல்ல முடியாது" அவனைக் கல்லூரிக்கே போகவிடாமல் அடித்துவிட்டது. ஆய்க்குடியில் உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டான். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மெடிக்கல் லைன் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை என்று அவருக்கு உள்ளூர ஒரு ஆறுதல்கூட இருந்திருக்கும்.

இங்கே உலகம்மாள் வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அத்தை, இந்தச் சம்பந்தம் வேண்டாம். நீங்களே போய்ப் பதமாச் சொல்லிருங்க."

"என்னட்டி, அவன் மேல கோவமா?"

"கோவம் என்ன கோவம். வெக்கமா இருக்கு. அழுகுன காலைக் கையில பிடிச்சுட்டாவளே. நாளைக்கு நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவியளுக்கு இலை போடுவேன்?"

உள்ளேயிருந்து சத்யபிரியா தலையை நீட்டினாள். "அம்மா, கால் உங்களுது. கல்யாணம் என்னுது. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க."

"பெரிய மனுஷங்க பேசுத இடத்துல உனக்கு என்னட்டி ஜோலி?" என்று நான் அதட்டினேன். மனதுக்குள் அவளுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

இப்படியே போயிருந்தால் அந்த உரக்கடையில் இன்னொரு முதலாளி கூடியிருப்பார். சுகிர்தம் மேடம்தான் ஒருநாள் அவனுக்குப் போன் பண்ணியிருக்கிறார். திட்டவும் இல்லை, திரும்பி வா என்று கெஞ்சவும் இல்லை. "அந்த அம்மாவோட இன்னொரு காலை யாராவது ஒழுங்காப் பார்த்தாங்களா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அதிலும் மெட்டி இருந்தது. அதிலும் உணர்ச்சி கிடையாது. வலது காலுக்குக் கட்டுப் போட்டதில் இடது காலை எல்லாரும் மறந்திருந்தோம்.

கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டான். உரத்தூள் சட்டையில் அப்படியே இருந்தது. வாசற்படியில் நின்று, சுவரைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், உலகம்மாளை நேரே பார்த்து, "அத்தை, இடது காலைப் பார்க்கணும்" என்றான். பூ வைத்த பிறகு அவன் அவளிடம் நேரே பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு காலை நீட்டினாள். நீட்டிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தான். புறங்கையை வைத்துச் சூடு பார்த்தான். உள்ளங்காலைப் பார்க்கத் தரையில் மண்டியிட்டான். நல்ல வேளை, புண் எதுவும் இல்லை. பெருவிரலுக்குக் கீழே ஒரு வெடிப்பு மட்டும். மெட்டியைச் சுற்றிப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறது, கழற்றணும் என்றான். சோப்புத் தண்ணீர் போட்டு அவனே கழற்றி, சத்யபிரியா கையில் கொடுத்தான். உலகம்மாள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது. பஞ்சைத் திரித்து நுனியாக்கிக்கொண்டான்.

"அத்தை, கண்ணை மூடிக்கோங்க. பஞ்சு படுதது தெரிஞ்சா சொல்லுங்க."

"தெரியுது" என்றாள்.

"அத்தை, நான் இன்னும் தொடவே இல்ல."

சத்யபிரியா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

"எனக்காகத் தெரியுதுன்னு சொல்லாதீங்க அத்தை. தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க."

மறுபடி ஆரம்பித்தான். இந்தத் தடவை அவள் பல இடங்களில் பேசாமலே இருந்தாள். அந்த இடங்களையெல்லாம் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தான்.

மறுநாள் கல்லூரிக்குப் போனான். வகுப்பு முன்னால் நின்று, பார்க்காமலே நார்மல் என்று சொன்னேன் என்று அவனே சொன்னானாம். ஹஸீபாதான் எனக்குச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லையாம். "சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை ஆச்சி" என்றாள்.

அதிலிருந்து சாயங்காலம் வகுப்பு விட்டதும் இங்கே வந்து கட்டு மாற்றிவிட்டுத்தான் ஆய்க்குடி பஸ் ஏறுகிறான். உலகம்மாள் இன்னும் முகத்தை மூடத்தான் செய்கிறாள். ஆனால் காலை நீட்டிவிடுகிறாள். சம்பந்தத்தை முறிக்கிற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இவ்வளவையும் எழுதி, நேற்று அவன் கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து உரக்க வாசித்துக் காட்டினேன். கடைசியில் இப்படி முடித்திருந்தேன்: "கூச்சம் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. போர்வைக்குள்ளே மடக்கி வைத்த காலில் என்ன இருக்கிறது என்று அவன் எப்படி அறிவான்? பாவம், தெரியாமல் செய்த தப்பு."

நெல்லையப்பன் கை நின்றுவிட்டது. உலகம்மாளின் கால் அவன் மடியில் இருந்தது.

"அந்தக் கடைசி வரியை அடிச்சிருங்க ஆச்சி. போர்வையைப் பிடிச்சேன்லா, அப்பவே வாடை வந்துது. புண்ணு அழுகுத வாடை. வார்டுல நிக்கிறவனுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சுதான் போர்வையை விட்டேன். கேட்டா அத்தை கூசிப்போவாவன்னு… இல்ல, அதுவும் பொய். கேட்டா நான் கூசிப்போவேன்னு விட்டேன். தெரியாமச் செஞ்சான்னு எழுதாதீங்க."